தரைப் படுக்கையில் வரும் கோளாறுகள்: ஜப்பானிய ஃபுத்தோனுக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஜப்பானில் வாடகை வீடு எடுத்துக் குடியேறும் நம்மவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரு ஃபுத்தோன் வாங்கிவிடுகிறார்கள். கட்டிலுக்கு இடம் ஒதுக்க வேண்டாம், விலையும் குறைவு, பாயில் படுத்துப் பழகிய உடம்புக்குத் தரையில் படுப்பது புதிதும் அல்ல. ஆனால் அந்தப் பழக்கமே பிறகு நம்மை ஏமாற்றிவிடுகிறது. கோரைப்பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினால் வேலை முடிந்தது. ஃபுத்தோனோ இரவெல்லாம் வேர்வையைக் குடித்துவிட்டு, அந்த ஈரத்தைத் தரைக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கிடக்கும். டோக்கியோ வட்டாரத்தில் பதினோரு ஆண்டுகளாக என் படுக்கையையும், புதிதாக வந்து சேர்ந்த நண்பர்களின் படுக்கைகளையும் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்கு அமைந்த வரிசையைக் கீழே தருகிறேன். உங்களுக்குத் தெரியும் அறிகுறிக்கு நேராகச் சென்று, அதன்கீழ் உள்ளவற்றை மேலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். செலவில்லாதவை முதலிலும், செலவு மிகுந்தவை கடைசியிலும் வருகின்றன.

கடையில் உதவும் சில பெயர்கள்: அடியில் விரிக்கும் மெத்தை ஷிக்கிபுத்தோன், மேலே போர்த்துவது கக்கேபுத்தோன், பகலில் இவற்றை மடித்து வைக்கும் ஆழமான சுவரலமாரி ஒஷீரே, இகுசா என்னும் கோரைவகையால் நெய்த தரைவிரிப்பு தத்தாமி, மெத்தைக்கு அடியில் காற்றோட்டத்துக்காக வைக்கும் மரச்சட்டப் பலகை சுனோக்கோ.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான முதல் சோதனை

எதையும் வாங்குவதற்கு முன், காலையில் எழுந்தவுடன் ஷிக்கிபுத்தோனை இடுப்புப் பகுதியில் தூக்கி, அதன் அடிப்பக்கத்தையும் தரையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்கு ஈரம் எளிதில் தெரியும். அடுத்து, ஓரத்தில் தைத்திருக்கும் துணிச்சீட்டைப் பாருங்கள். உள்ளே இருப்பது பருத்தியா, பாலியெஸ்டரா, கம்பளியா, இறகா என்பதும், தண்ணீரில் துவைக்கலாமா என்பதும் அதில் இருக்கும். தொட்டிப் படத்தின்மேல் பெருக்கல் குறி இருந்தால் துவைக்கக் கூடாது. 2016 டிசம்பரில் இந்தக் குறிகள் பன்னாட்டு முறைக்கு மாறியதால், அதற்கு முந்தைய மெத்தைகளில் படங்கள் வேறாகத் தோன்றும். கைக்குக் கிடைத்த பழைய மெத்தையாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அறிகுறி 1: தூக்கும்போது அடிப்பக்கம் சில்லென்று ஈரமாக இருக்கிறது

வழக்கத்தைச் சோதியுங்கள்

பெரும்பாலான வீடுகளில் கோளாறு இங்கேயே முடிந்துவிடும். எழுந்தவுடன் சூட்டோடு மடித்து ஒஷீரேவுக்குள் தள்ளுபவர்கள் ஒரு வகை. மடிக்காமல் வாரக்கணக்கில் அப்படியே போட்டு வைப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைப் படுக்கைக்கு ஜப்பானியர் மன்னெந்தோக்கோ, அதாவது பத்தாயிரம் ஆண்டுப் படுக்கை, என்று கேலியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எழுந்ததும் போர்வையைக் கால்பக்கமாக மடக்கி விட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் மெத்தையைத் திறந்து விடுங்கள். அதன்பின் மூன்றாக மடித்துத் தூக்கி வையுங்கள். அலுவலகம் போகும் அவசரத்தில் அதுவும் முடியாவிட்டால், இரண்டு நாற்காலி முதுகுகளின்மேல் குறுக்கே தொங்கவிட்டுக் கிளம்புங்கள். வெயில் இல்லாவிட்டாலும் அடிப்பக்கத்துக்குக் காற்றுப் பட்டால் பாதி வேலை நடந்துவிடும்.

காயவைக்கும் முறையைச் சோதியுங்கள்

பருத்தி மெத்தைக்கு வாரத்தில் இரண்டு நாளும், பாலியெஸ்டருக்கு ஒரு நாளும் வெயில் வேண்டும். காலை 10 மணிக்கு மேல் போட்டு, பிற்பகல் 3 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். பக்கத்துக்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் போதும். சாயங்காலம் வரை விட்டால் காற்றின் ஈரத்தை மெத்தை மீண்டும் வாங்கிக்கொள்ளும். கம்பியின்மேல் போடும்போது காற்றில் விழாமலிருக்கப் பெரிய ஃபுத்தோன் கிளிப்புகள் இரண்டு போடுங்கள். மூங்கில் அல்லது பிரம்பு மட்டையால் அடிப்பதை விட்டுவிடுங்கள். அதனால் பஞ்சிழை அறுந்து மெத்தைதான் மெலிகிறது. மேலே படிந்த தூசியைக் கையால் தடவி விட்டாலே போதும்.

வெளியில் போட முடியாத காலங்கள் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுகி என்னும் ஊசியிலை மரத்தின் மகரந்தம் பறக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த மெத்தையில் படுத்தால் இரவெல்லாம் தும்மல்தான். ஜூன் தொடக்கம் முதல் ஜூலைப் பாதிக்கு மேல் வரை ட்சுயு என்னும் மழைக்காலம். இவை தவிர, உயரமான அடுக்ககங்கள் பலவற்றில் பால்கனிக் கைப்பிடிமேல் மெத்தை போடவே தடை இருக்கிறது. இப்படிப்பட்ட நாட்களுக்கு ஃபுத்தோன் உலர்த்தி என்ற சிறு வெந்நீர்க்கலன் அளவுள்ள கருவி இருக்கிறது. அதன் குழாயை மெத்தைக்கும் போர்வைக்கும் இடையில் செருகினால் வெப்பக்காற்று வரும். நான் வாங்கியவற்றில் காசுக்கு மதிப்பாக அமைந்தது அதுதான்.

தரையைச் சோதியுங்கள்

தத்தாமி கொஞ்சம் ஈரத்தை உள்வாங்கிப் பிறகு விட்டுவிடும். மரப்பலகைத் தரை அப்படிச் செய்யாது. குளிர்காலத்தில் மேலே உடம்பின் சூடும் கீழே பலகையின் குளிரும் சந்திக்கும் இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். பலகைத் தரையில் வெறும் மெத்தையைப் போட்டிருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. முதலில் ஈரம் உறிஞ்சும் விரிப்பை மெத்தைக்கு அடியில் போடுங்கள். அதன் மூலையிலுள்ள சிறு அடையாளம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் விரிப்பு நிரம்பிவிட்டது என்று பொருள். அதையும் வெயிலில் காயவைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, விரிப்பு போட்டும் ஈரம் போகவில்லை என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் போதாவிட்டால் கிரி அல்லது ஹினோக்கி மரத்தாலான சுனோக்கோ வாங்குங்கள். நடுவில் மடங்கி நிற்கும் வகையை வாங்கினால், காலையில் மெத்தையோடு சேர்த்து மலைபோல் நிமிர்த்தி, அறைக்குள்ளேயே காயவிடலாம்.

அறையைச் சோதியுங்கள்

ஐந்நூறு, ஆயிரம் யென்னுக்குள் கிடைக்கும் ஈரமானியைத் தலைமாட்டில் வையுங்கள். 60 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் மெத்தையைக் குறைசொல்லிப் பயனில்லை. 2003 ஜூலைக்குப் பின் கட்டிய வீடுகளில் 24 மணிநேரமும் ஓடும் காற்றோட்ட விசிறி சட்டப்படி இருக்க வேண்டும்; குளிர் வருகிறது என்று அதை அணைத்து, சுவரிலுள்ள வட்டத் துவாரத்தையும் மூடிவிடுவது நம்மவர் வழக்கம். இரண்டையும் திறந்து விடுங்கள். மண்ணெண்ணெய் அடுப்பால் அறையைச் சூடாக்கினால், எரியும் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேர்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கடைசியாக, ஈரநீக்கிக் கருவி. கம்ப்ரசர் வகை கோடைக்கு ஏற்றது. குளிர்காலச் சிக்கலுக்கு உலர்பொருள் வகையை வாங்குங்கள், குளிர்ந்த அறையில் முதல் வகை பெரிதாக வேலை செய்வதில்லை.

யாரை, எப்போது அழைப்பது

மெத்தையை இரண்டு நாள் வேறிடத்தில் போட்டுவிட்டு அந்தத் தரையை வெறுமையாக விடுங்கள். அப்போதும் தரையோ அடிச்சுவரோ நசநசவென்றே இருந்தால், அது வேர்வையன்று. குழாய்க் கசிவாகவோ மழைநீர் இறங்குவதாகவோ இருக்கலாம். அன்றே படம் எடுத்துக்கொண்டு கட்டடத்தை நிர்வகிக்கும் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தாமதித்தால் நீங்கள்தான் ஈரத்தைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்ற பேச்சு வரும். நில, உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் வாடகை வீட்டு வழிகாட்டுதலும், வெயிலில் தத்தாமி நிறம் மங்குவதை வீட்டுக்காரர் பொறுப்பிலும், நீர்கோத்ததைச் சொல்லாமல் விட்டுப் பரவிய பூசணத்தைக் குடியிருப்பவர் பொறுப்பிலும் வைக்கிறது.

அறிகுறி 2: கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன

என் முதல் குளிர்காலத்தில் பலகைத் தரையில் மூன்று வாரம் தூக்காமல் படுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்த காதணித் திருகைத் தேடுவதற்காக மனைவி மெத்தையைப் புரட்டியபோது, தோளும் இடுப்பும் படும் இடங்களில் மட்டும் மிளகைத் தூளாக்கித் தூவியதுபோல் கறுப்பு படிந்திருந்தது. கால்பக்கம் பளிச்சென்று இருந்தது. பூசணம் பெரும்பாலும் இப்படி உடம்பின் எடை அழுத்தும் இடத்தில்தான் தொடங்கும். ஆகவே ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம்.

உறையில் மட்டும் இருந்தால்

உறையைக் கழற்றி, சீட்டில் குறிப்பிட்டபடி ஆக்சிஜன் வெளுப்பானில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துவைத்துவிடலாம். கறை போகாவிட்டால் உறையை மாற்றுங்கள். மெத்தையின் துணியில் புள்ளி இல்லாதவரை கவலையில்லை.

மெத்தைத் துணியில் இருந்தால்

புள்ளிகளின்மேல் முதலில் தூசு உறிஞ்சியை வைக்கக் கூடாது. அதன் வெளிக்காற்று பூசண வித்துகளை அறை முழுதும் பரப்பிவிடும். சன்னலைத் திறந்து, முகக்கவசம் அணிந்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 முதல் 80 விழுக்காடு எத்தனாலைத் தெளித்துச் சிறிது நேரம் விட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். எத்தனால் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பும் சூடேற்றியும் அணைந்திருக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் நன்றாகக் காயவைத்து, அதன்பின்னரே உறிஞ்சியால் எடுக்கலாம். கறை மங்கலாகத் தங்கிவிடும். அது கண்ணுக்குத்தான் குறை. துவைக்கத்தக்க மெத்தையாக இருந்தால் நாணயம் போட்டு எந்திரத்தை நாமே ஓட்டும் சலவைக்கடைக்குக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போயிருந்தால்

காய்ந்த பிறகும் மூக்கை வைத்து முகர்ந்தால் பழைய நிலவறை வாசனை வருகிறதா, அழுத்தினால் அந்த வாசனை மேலே எழுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் பூசணம் உள்ளே இறங்கிவிட்டது. அதற்கு மருந்தில்லை, இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். குறிப்பாக வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் அந்த மெத்தையை இன்னொரு இரவுகூடப் பயன்படுத்தக் கூடாது.

தத்தாமியில் இருந்தால்

மெத்தையைவிட இதற்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும், ஏனென்றால் மெத்தை உங்களுடையது, தத்தாமி வீட்டுக்காரருடையது. குளியலறைப் பூசணத்துக்கு விற்கும் குளோரின் திரவத்தைத் தொடவே கூடாது. இகுசா வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். ஈரத்துணியால் துடைப்பதும் பூசணத்துக்கு நாமே தண்ணீர் ஊற்றுவதுபோல்தான். மேற்சொன்ன எத்தனாலைத் தெளித்துக் காத்திருந்து, பழைய பல்துலக்கியால் நெசவின் போக்கிலேயே தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, விசிறியை ஓடவிடுங்கள். மறுவாரம் அதே இடத்தில் மீண்டும் வந்தால், அல்லது காலால் மிதிக்கும்போது அந்த இடம் தொய்வாக உள்வாங்கினால், தத்தாமிக் கடைக்காரரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது. மேற்பாயைத் திருப்பிப் போடுவது, மேற்பாயை மாற்றுவது, அடிப்பலகையோடு முழுவதுமாக மாற்றுவது என்று மூன்று படிகள் உண்டு; விலையும் அதே வரிசையில் ஏறும். வாடகை வீடானால் அவரை அழைப்பதற்கு முன் நிர்வாக நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒஷீரேவிலிருந்து எடுக்கும்போது இருந்தால்

சுவரலமாரியின் கீழ்த்தட்டே வீட்டில் மிக ஈரமான இடம். படுக்கையை மேல்தட்டுக்கு மாற்றுங்கள். அடியிலும் பின்சுவரிலும் சுனோக்கோ வைத்து இடைவெளி விடுங்கள். பகலில் நகர்கதவு இரண்டையும் இருபுறமும் ஒரு சாண் திறந்து வைத்தால் காற்று ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அடுக்கும்போது கனமான ஷிக்கிபுத்தோன் கீழே, கக்கேபுத்தோன் மேலே.

அறிகுறி 3: புள்ளி இல்லை, ஆனால் வாசனை வருகிறது

வேர்வை, தலையெண்ணெய், சமையல் ஆகிய மூன்றில் ஒன்றுதான். ஒற்றை அறை வீட்டில் தாளிக்கும்போது படுக்கை ஒஷீரேவுக்குள் இருக்கிறதா, கதவு சாத்தியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பெருங்காயமும் வெங்காயமும் பஞ்சுக்குள் ஏறினால் ஒரு மாத வெயிலாலும் முழுதாகப் போவதில்லை. இரண்டாவதாக, வாசனைத் தெளிப்பான்களை நிறுத்துங்கள். அவை ஈரத்தையும் சேர்த்து ஏற்றுகின்றன. மூன்றாவதாக, மெத்தைக்கும் அதன்மேல் விரிக்கும் துணிக்கும் நடுவில் துவைக்கத்தக்க ஒரு மெல்லிய பேட் போட்டு, வாரம் ஒருமுறை அதைத் துவைக்கப் பழகுங்கள்.

அதற்கும் போகாத வாசனைக்குத் துவைப்புதான். பருத்திப் பஞ்சு மெத்தையைப் பெரும்பாலும் தண்ணீரில் போடக் கூடாது, பஞ்சு உருண்டையாகி ஒரு பக்கம் சேர்ந்துவிடும். பாலியெஸ்டரானால் நாணயச் சலவைக்கடையின் பெரிய எந்திரத்தில் போடலாம். அப்படியே திணிக்காமல், நீளவாக்கில் மூன்றாக மடித்து, பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி, மூன்று இடங்களில் பருத்திக் கயிறு கட்டுங்கள். உலர்த்தும்போது கயிற்றை அவிழ்த்து, பாதி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி, உட்புறம் வெளியே வரும்படி புரட்டிவிட வேண்டும். துவைத்து உலர்த்த ஆயிரம் முதல் இரண்டாயிரம் யென்னுக்குச் சற்று மேல் வரை ஆகும். பருத்தி, கம்பளி, பட்டுப் பஞ்சு மெத்தைகளை ஃபுத்தோன் சலவை நிறுவனங்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

அறிகுறி 4: காலையில் உடம்பு அரிக்கிறது, தடிப்பு இருக்கிறது

கடியின் இடத்தை வைத்துப் பிரித்தறியுங்கள்.

தடிப்பே இல்லை, தும்மலும் மூக்கடைப்பும் மட்டும் என்றால்

தூசியிலுள்ள சிற்றுண்ணிகள். இவை கடிப்பதில்லை; இவற்றின் கழிவும் செத்த உடலுமே ஒவ்வாமை தருகின்றன. வெயிலில் போட்டால் செத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் வெயில் படும் பக்கத்திலிருந்து அவை உள்ளே நகர்ந்துகொள்கின்றன. 50 டிகிரிச் சூட்டில் 20 முதல் 30 நிமிடம் இருந்தால்தான் சாகும். ஃபுத்தோன் உலர்த்தியில் சிற்றுண்ணிக்கென்றே இருக்கும் பொத்தானை அழுத்தி இரண்டு பக்கமும் ஓடவிடுங்கள், அல்லது சலவைக்கடை உலர்த்தியில் அரைமணி நேரம் போடுங்கள். அதோடு நிறுத்தினால் செத்தவை உள்ளேயே இருக்கும். பிறகு உறிஞ்சியை மெதுவாக, பக்கத்துக்கு ஒரு நிமிடமாவது ஓட்டுங்கள். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியை.

தொடை, வயிறு, முழங்கையின் உட்புறம் போன்ற மறைந்த மென்மையான இடங்களில் சிவந்த தடிப்பு என்றால்

கொடுக்குள்ள வேறொரு சிற்றுண்ணி வகை, ஜப்பானியில் ட்சுமேதானி. மற்றச் சிற்றுண்ணிகளைத் தின்று வாழ்வதால், அவை பெருகிய மெத்தையில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இதுவும் பெருகும். மேற்சொன்ன அதே சூடும் உறிஞ்சியும்தான் தீர்வு. இரண்டு வாரம் தொடர்ந்து செய்யுங்கள்.

கழுத்து, கை, கணுக்கால் போன்ற திறந்த இடங்களில், வரிசையாகவோ கூட்டமாகவோ தடிப்பு என்றால்

மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். கைவிளக்கை எடுத்துக்கொண்டு மெத்தையின் தையல் மடிப்பு, தத்தாமியின் ஓரத்துணி, சுவரடிச் சட்டம், மின்செருகியின் இடுக்கு ஆகியவற்றில் மைப்பேனாவால் குத்தியதுபோன்ற கறும்புள்ளிகளைத் தேடுங்கள். ஊரில் வெந்நீர் ஊற்றிக் கட்டிலைத் தட்டிச் சமாளித்த அனுபவம் இங்கே உதவாது. கடையில் விற்கும் தெளிப்பான்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. அந்த மருந்துக்கு அசராத மூட்டைப்பூச்சிகள் ஜப்பானில் பரவியிருக்கின்றன. புகைமருந்து வைத்தால் அவை சிதறிப் பக்கத்து அறைக்குப் போகும். மெத்தையை வேறு அறைக்கு இழுத்துச் செல்லாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, நிர்வாக நிறுவனத்துக்குச் சொல்லி, பூச்சி ஒழிப்பாளரை உடனே அழையுங்கள். இந்த ஒன்றில் மட்டும் நீங்களே முயன்று பார்க்கும் படிகளே கிடையாது.

அறிகுறி 5: காலையில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது

அடி தட்டுகிறதா என்று பாருங்கள்

படுக்கையில் மல்லாந்து படுக்கும்போது இடுப்பெலும்பு தரையை உணர்ந்தால் பஞ்சு அமுங்கிவிட்டது. சந்தேகமாக இருந்தால் இடுப்பு படும் இடத்தில் முட்டியை ஊன்றிப் பாருங்கள். பிறகு கால்பக்கத்திலும் ஊன்றுங்கள். முதலிடத்தில் தரை சட்டென்று தட்டி, இரண்டாமிடத்தில் தட்டாவிட்டால் மெத்தை முழுவதும் கெடவில்லை, ஒரு பகுதி மட்டும் உழைத்துத் தேய்ந்திருக்கிறது. தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தலைகீழாகவும் புரட்டுங்கள். பருத்தியானால் ஒரு நல்ல வெயிலில் உப்பி எழும். பாலியெஸ்டர் அந்த அளவுக்கு எழாது.

தலையணையைப் பாருங்கள்

மென்மையான கட்டில் மெத்தையில் தோள் உள்ளே அமிழும், ஃபுத்தோனில் அமிழாது. ஆகையால் ஒருக்களித்துப் படுப்பவருக்குப் பழைய தலையணை திடீரென்று தாழ்ந்துபோகிறது. வாங்குவதற்கு முன், துண்டை மடித்து அடியில் வைத்து மூன்று இரவு படுத்துப் பாருங்கள்.

அடியில் ஒரு விரிப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்

4 செண்டிமீட்டர் அளவிலான யூரித்தேன் நுரை விரிப்பை ஃபுத்தோனுக்கு மேலே அல்ல, கீழே போடுங்கள். சீட்டில் நியூட்டன் அளவில் கடினம் குறித்திருப்பார்கள்: 110-க்கு மேல் கடினம், 75 முதல் 110-க்குள் நடுத்தரம், அதற்குக் கீழே மென்மை. இடுப்பு வலிக்கு மென்மையானதைத் தேடிப் போவது நம் முதல் இயல்பு. அடி தட்டும் மெத்தைக்கு 110-க்கு மேற்பட்டதையே நான் சொல்வேன். யூரித்தேன் ஈரத்தைத் தடுத்து நிறுத்தும் என்பதால், அறிகுறி 1-இல் சொன்ன வழக்கங்கள் இதற்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

பஞ்சடித்துப் புதுப்பியுங்கள்

மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைத்த பருத்தி மெத்தையை எறிய வேண்டியதில்லை. ஃபுத்தோன் கடைகளில் உச்சினாவோஷி என்று கேட்டால், உறையைப் பிரித்து, பஞ்சை எடுத்துச் சிக்கெடுத்து, தூசி நீக்கி, குறைந்ததற்குப் புதுப்பஞ்சு சேர்த்து, புது உறையில் தைத்துத் தருவார்கள். ஊரில் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ‘டொய்ங் டொய்ங்’ என்று நாணை மீட்டியபடி தெருவில் வரும் பஞ்சடிப்பவரின் அதே வேலைதான். ஜப்பானிலும் முற்காலத்தில் வில்லால்தான் பஞ்சடித்தார்கள், இப்போது எந்திரம். பத்தாயிரம் யென்னும் அதற்கு மேலும் ஆகும். மலிவான பாலியெஸ்டர் மெத்தை புதிதாகவே அதைவிடக் குறைவு, பாலியெஸ்டரை அடித்துப் புதுப்பிக்கவும் முடியாது. எனவே ஆறு கிலோ அளவுக்கு நல்ல பருத்தி உள்ள மெத்தையாக இருந்தால் மட்டும் இந்தச் செலவைச் செய்யுங்கள்.

யாரை, எப்போது அழைப்பது

எழுந்து நடமாடிய ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் பிடிப்பு விடாவிட்டால், வலி புட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினால், பாதம் மரத்துப்போனால், மெத்தையை ஆராய்வதை நிறுத்திவிட்டு சேய்கேய்-கேகா என்று பலகை உள்ள எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி 6: குளிர்காலத்தில் எத்தனை போர்த்தினாலும் குளிர்கிறது

போர்வை போதாது என்று நினைத்து மேலே மேலே அடுக்குகிறோம். சூடு போவதோ கீழே. மேலே இருக்கும் கம்பளிகளில் ஒன்றை எடுத்து உடம்புக்கு அடியில் விரியுங்கள், அன்றிரவே வேறுபாடு தெரியும். இறகுப் போர்வையானால் அது உடம்பை ஒட்டியும், கம்பளி அதற்கு மேலும் இருக்க வேண்டும். நம் பழக்கப்படி கம்பளியை உள்ளே போட்டால் இறகு உடம்பின் சூட்டை வாங்கி உப்பாது.

அடுத்து இடம். சன்னல் கண்ணாடியிலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையோடு ஓடும், தரையில் படுத்திருப்பவர் முகத்தில் நேராக மோதும். தலைமாட்டைச் சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நம் வீட்டில் சொல்வதுபோலவே ஜப்பானியரும் சொல்வார்கள். இறந்தவரைக் கிடத்தும் திசை என்பதால் அதற்குக் கித்தாமக்குரா, வடக்குத் தலையணை, என்று பெயர். தெற்குச் சன்னல் உள்ள சிறு அறையில் இருவர் நம்பிக்கையையும் காத்துக் குளிரையும் தவிர்க்க, கிழக்கோ மேற்கோ பார்த்துக் குறுக்கே விரிப்பதுதான் வழி.

அலுமினியப் பூச்சு விரிப்பு மலிவானது, சூட்டையும் தடுக்கும், ஆனால் ஈரத்தை அப்படியே பிடித்து வைக்கும். தினமும் தூக்குபவர்கள் மட்டும் பயன்படுத்துங்கள். யுத்தாம்போ என்னும் வெந்நீர்ப் புட்டியைப் படுப்பதற்கு முன் உள்ளே வைத்து, படுக்கும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். 44 டிகிரி அளவிலான சூடுகூடச் சில மணிநேரம் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும், தூக்கத்தில் அது தெரியாது. முதியவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இவற்றுக்குப் பின்னும் குளிர்ந்தால் சன்னலுக்கு உட்புறம் இரண்டாம் சன்னல் பொருத்துவதுதான் மிச்சம்; அது வீட்டுக்காரர் அனுமதியும் பெரிய செலவும் கேட்கும் வேலை.

அறிகுறி 7: உறைக்குள் போர்வை சுருண்டு ஒரு மூலைக்குப் போகிறது

கக்கேபுத்தோனின் நான்கு மூலையிலும் நான்கு பக்க நடுவிலும் சிறு வளையங்களும், உறையின் உட்புறத்தில் அவற்றுக்கு நேராக நாடாக்களும் இருக்கும். பலர் அவற்றைக் கட்டுவதே இல்லை. எட்டையும் கட்டுங்கள். வளையம் இல்லாத பழைய போர்வையானால், மூலையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் போர்வைத் துணியால் பொதிந்து, வெளியே ரப்பர் வளையத்தால் சுற்றினால் நாடாவைக் கட்ட ஒரு பிடி கிடைக்கும். மெத்தையே தரையில் வழுக்குகிறதென்றால் சறுக்காத வலைவிரிப்பு ஒன்று போதும். இறகு துணியைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்தால் பிடுங்காதீர்கள், பின்பக்கத்திலிருந்து உள்ளே இழுத்துவிட்டுத் துளையைத் தேய்த்து மூடுங்கள். பிடுங்கினால் அதே துளையில் அடுத்தது வரும்.

அறிகுறி 8: எதற்கும் சரிவரவில்லை

உள்ளே பூசணம் இறங்கியது, புரட்டிப் போட்டும் அடி தட்டும் பாலியெஸ்டர், காய்ந்தும் மூத்திர வாசனை விடாதது ஆகிய மூன்றையும் காப்பாற்ற முயலாமல் விட்டுவிடுங்கள். ஆனால் குப்பையிடத்தில் இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போக முடியாது. டோக்கியோவின் 23 வட்டங்களில் நீளம் 30 செண்டிமீட்டரைத் தாண்டும் பொருள் பெருங்குப்பை, அதாவது சொதாய்கோமி. தொலைபேசியிலோ இணையத்திலோ முன்பதிவு செய்து, 200 யென்னுக்கும் 300 யென்னுக்கும் விற்கும் ஒட்டுச்சீட்டுகளைக் கொன்பினி என்னும் சிறு பலசரக்குக் கடையில் வாங்கி, பதிவெண்ணையோ பெயரையோ எழுதி ஒட்டி, குறித்த நாள் காலை 8 மணிக்குள் குறித்த இடத்தில் வைக்க வேண்டும். ஒரு ஃபுத்தோனுக்கு இந்த வட்டங்களில் பெரும்பாலும் 400 யென், அதாவது 200 யென் சீட்டுகள் இரண்டு. மற்ற நகரங்களில் விதியும் விலையும் வேறு. வீடு மாறும் காலமான மார்ச் மாதத்தில் முன்பதிவு வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதுவரை அதைக் கெட்டியான பையில் போட்டுக் கயிறு கட்டி, புது மெத்தை வைத்திருக்கும் ஒஷீரேவிலிருந்து விலக்கி, சுவரில் படாமல் நிறுத்தி வையுங்கள்.